கடல் எப்படி இருக்கு?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைபிடித்து எட்டு எழுதப் பழக்குகிற டீச்சர், செங்கல்பட்டு மைதானத்தில் பைக்கில் எட்டுப் போடத் தெரியாமல் ஃபெயிலாகிவிட்டாள் என்றால், திருக்கழுக்குன்றத்துக்கு அன்றைக்கு வேறு செய்தி எதற்கு? வெறும் வாயை மெல்லுகிற ஊர். அவல் கிடைத்தால் விடுமா?

அமிர்தவல்லி டீச்சருக்கு நாற்பது முடிந்திருந்தது. சுடிதார் போட்டதே அந்த டெஸ்ட்டுக்காகத்தான். பிறந்ததிலிருந்து பாவாடை, தாவணி, புடவை என்று ஒழுங்காக வரிசையில் வந்தவள், திடீரென்று துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு, மீசை முளைத்தும் முளைக்காத பையன்களோடு வரிசையில் நின்றாள். தரையில் வெள்ளைச் சுண்ணாம்பில் பெரிய எட்டு. கால் ஊனாமல் கோட்டை ஒட்டியே சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான். இடப்பக்கத்துச் சுழி அழகாகத்தான் வந்தது. வலப்பக்கம் திரும்பினாளோ இல்லையோ, வண்டி கோட்டை விட்டு விலகி எங்கேயோ போயிற்று. கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது.

பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அதிலும் அதே இடம், அதே கால்.

“அம்மா, உங்களுக்கு எதுக்கும்மா இந்த கியர் வண்டி? ஒரு ஸ்கூட்டி கொண்டாந்து ஓட்டிக் காட்டுங்க, போட்டுத் தரேன். இதான் வேணும்னா நல்லாப் பழகிட்டு வாங்க” என்றார்.

அமிர்தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தம்பி ஜெயந்த் வண்டியை எடுத்தான். எந்த வண்டியில் ஃபெயிலானாளோ அதே வண்டியில், பின் சீட்டில், பழையபடி ஒருபக்கமாக உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தாள். “விடுக்கா, எட்டு வராட்டி என்ன” என்றான் ஜெயந்த். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொடுத்த வாத்தியார் அவன்தான்.

எட்டு வராவிட்டால் என்ன என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சிவப்பு ஹீரோ ஹோண்டா அவள் கணவர் சம்பத்துடையது. கல்பாக்கத்தில் அணுசக்தித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன். வீட்டில் பேசாத மனிதர். உப்புப் பத்தலை, கரண்ட் பில் வந்தாச்சா, தூங்கலாமா, இதற்கு மேல் ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து வராது. கல்யாணமான புதிதில் அமிர்தம் தன்னைப் பிடிக்கவில்லையோ என்றுகூட அழுதிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வண்டியை எடுத்து, “ஏறு” என்றார். மலையைத் தாண்டி மாமல்லபுரம் சாலையில் காற்று முகத்தில் அடித்ததும் மனுஷன் பேச ஆரம்பித்தார். அப்பாவிடம் வாங்கிய அடி, படிக்க நினைத்துப் படிக்க முடியாமல் போனது, ஆபீஸில் யாரோ சொன்ன ஜோக், எல்லாம். முகம் பார்த்துப் பேச வராதவர் முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டித் தீர்த்தார். அதிலிருந்து சனிக்கிழமை தவறியதில்லை. அவளுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் புருஷன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மாமல்லபுரம் போய், இடப்பக்கம் திரும்பி, நெம்மேலி வரை வடக்கே போவார்கள். போகும்போது கடல் அவள் முதுகுப்பக்கம். ஒருபக்கமாக உட்கார்ந்த பெண்ணுக்கு உலகத்தில் பாதிதானே தெரியும்? திரும்பி வரும்போதுதான் சவுக்குத் தோப்பு இடைவெளிகளில் கடல் அவளுக்கு நேரே வரும். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். “கடல் எப்படி இருக்கு?” என்று கேட்பார்.

“இருக்கு” என்பாள் இவள், வேண்டுமென்றே.

“அது தெரியும். எப்படி இருக்கு?”

அப்புறம் சொல்லுவாள். இன்றைக்குப் பச்சை, இன்றைக்குச் சாம்பல், ஒரு போட்டு வருகிறது, அலை பெரிசு. அவர் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். “நமக்குக் குழந்தை இல்லாட்டி என்ன அமிர்தம், நீ இருக்கியே” என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னதும் அந்த ரோட்டில்தான். அவள் பின்னால் அழுதாள். அவருக்குத் தெரியாது.

போன வருஷம் ஐப்பசியில் ஆபீஸிலேயே மயங்கி விழுந்தார். உயிர் பிழைத்தது; வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. நாக்கும் குழறியது. “பேச்சு வந்துடும்மா. பேசப் பேசத்தான் வரும். பேச வைங்க” என்றார் டாக்டர். யாரை? நல்ல உடம்போடு இருந்தபோதே பேசாதவரையா? ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடுறீங்களா? ம். வலிக்குதா? ம்ஹூம். குழறினால் யாராவது சிரிப்பார்களோ என்று இருந்த நாலு வார்த்தையையும் நிறுத்திவிட்டார். ஒருமுறை ஆட்டோவில் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். டிரைவர் வழி நெடுக உடம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார். இவர் போகும்போதும் வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அமிர்தத்துக்கு அவர் குரலைக் கேட்க ஏக்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கத்துகிற கத்தலுக்கு நடுவிலும் அந்த முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்ட பேச்சு காதில் ஓடும். சனிக்கிழமை சாயங்காலமானால் கை ஓடாது, கால் ஓடாது. வண்டித் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி மூடுவாள். சும்மா நின்றால் கெட்டுவிடும் என்று ஜெயந்த் வந்து உதைத்து ஸ்டார்ட் செய்து வைப்பான். அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் ஜன்னலோரத்துத் தலை லேசாகத் திரும்பும்.

அப்போதுதான் சம்பத்தின் தம்பி பரணிதரன் சென்னையிலிருந்து போன் செய்தான். வண்டி வீணாகத்தானே நிற்கிறது, பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போகட்டுமா? அமிர்தம் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே அவரைக் கேட்டாள். சம்பத் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பரணியிடம் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். பொங்கலுக்குள் நானே ஓட்டுவேன், இவரைப் பின்னால் உட்கார வைத்து அந்த ரோட்டில் போவேன், காற்று பட்டால் பேசுவார் என்று முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள். இரண்டும் அவளுக்கு வேண்டாம்.

அதனால்தான் எட்டு.

ஃபெயிலான மறுவாரம் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி டிரைவிங் ஸ்கூல் டிரைவிங் ஸ்கூலாக ஏறி இறங்கினாள். முதல் இடத்தில் கார் சொல்லித் தருவார்களாம். இரண்டாவது இடத்தில் ஸ்கூட்டி, லேடீஸுக்குத் தனி பேட்ச். மூன்றாவது கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“கியர் வண்டியா? அதெல்லாம் பசங்க தானா கத்துக்குவாங்கம்மா. அதுக்கு ஸ்கூலு எங்க கீது? உங்க வூட்டுக்காரர் இல்லியா, அவர சொல்லித் தரச் சொல்லேன்.”

“இருக்கார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். பஸ் ஸ்டாண்டில் நின்று அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊர் முழுக்கப் பையன்கள் தானாகக் கற்றுக்கொள்கிற ஒரு சாமானை நாற்பது வயதுப் பெண்ணுக்குச் சொல்லித்தர செங்கல்பட்டு முழுக்க ஒரு ஆள் இல்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வருவது எப்போதாவது நடக்கும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காணாமல் போய்க் கிடைத்த ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிக்க மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒரு போலீஸ்காரி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பெயர் அம்சா. முப்பது வயது இருக்கும். வந்தது மோட்டார் சைக்கிளில். ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே அமிர்தம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை; பூட்ஸ் காலைத்தான் பார்த்தாள்.

“இன்னா டீச்சர், காலையே பாத்துகினு கீற?”

“எனக்கு இதைச் சொல்லித் தருவியா?”

அம்சா சிரித்தாள். “நானா? டிரெய்னிங்ல எங்க பேட்ச்லயே அதிகமா வுழுந்தவ நான்தான் யக்கா. முட்டியில தோலே இல்ல. வேற யாராச்சும் நல்லா தெரிஞ்சவங்களாப் பாரு.”

“விழுந்தவதான் வேணும். விழாதவங்க எல்லாம் தானா வரும்னு சொல்றாங்க.”

அம்சா சிரிப்பை நிறுத்தினாள். எதற்கு என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாத காரணத்தை, முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரியிடம், சத்துணவுக்கூடத்துப் புகைக்கு நடுவே அமிர்தம் சொல்லி முடித்தாள். “பேஜாரு புடிச்ச கேஸா கீதே” என்றாள் அம்சா. ஆனால் குரல் இறங்கியிருந்தது. “காலையில டூட்டிக்கு முன்னாடி வரேன். சந்தை மைதானத்துக்கு வந்துடு.”

சந்தை கூடாத நாளில் அந்த மைதானத்தில் ஆடும் நாயும்தான். சுண்ணாம்புக்கு எங்கே போவது? அமிர்தம் வீட்டிலிருந்து வண்டியோடு கோலமாவு டப்பாவையும் கொண்டுவந்து, மார்கழிக் கோலத்துக்குக் கம்பி இழுத்த கையால் ஒரு எட்டு இழுத்தாள். அப்படி ஒரு எட்டைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்திருக்க மாட்டார்.

“அடியம்மா! போடறது சூப்பரா போடற. அத ஒட்டி ஓட்டறதுக்குத்தான் உனுக்கு வலிக்குது” என்றாள் அம்சா.

ஓட்டினாள். இடது சுழி கோலம் கலையாமல் வந்தது. வலது சுழியில் வண்டி கோட்டை அழித்துக்கொண்டு போய் ஒரு ஆட்டை மிரட்டியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் வண்டியோடு விழுந்து கோலமாவில் புரண்டு எழுந்தாள். மலைக்குக் கழுகு பார்க்க வந்த யாத்திரிகர்கள் அது வராத குறைக்கு இவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாரங்கள் ஓடின. மார்கழி பிறந்துவிட்டது. அம்சாவுக்கே பொறுமை போயிற்று. “ஒரு பாதி தேனா வருது. இன்னொரு பாதிக்கு இன்னா கேடு வந்துச்சி? யக்கா, பின்னாடி குந்து. நான் ஓட்டறேன், வண்டி எப்பிடி சாயுதுன்னு பாரு.”

அமிர்தம் ஏறி உட்கார்ந்தாள். போட்டிருந்தது சுடிதார்; இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரலாம். ஆனால் உடம்பு கேட்டால்தானே? பழக்க தோஷத்தில் ஒருபக்கமாகவே உட்கார்ந்தாள். இடது சுழி முடிந்தது. வலது சுழியில் வண்டி வெட்டி இழுத்தது. அம்சா கால் ஊன்றி நிறுத்தினாள்.

“ஏ யக்கா! இன்னாத்துக்கு வண்டிய அந்தாண்ட இழுக்கற?”

“நானா? நான் சும்மாதானே உக்காந்திருக்கேன்?”

“எங்க சும்மா குந்தினுகீற? இன்னொரு தபா வா.”

இந்த முறை அமிர்தம் தன் உடம்பையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் அவள் முதுகு. முதுகுக்குப் பின்னால் பிடிக்க ஒன்றுமில்லை, வெறும் ரோடு. அடிவயிறு இறுகிற்று. புடவையில் ஒருபக்கமாக உட்காருகிறவள் கால் வைக்கவென்று சம்பத் மாட்டியிருந்த பலகையைக் கால் விரல்கள் அழுத்தின. உடம்பு முழுக்க முன்னால், இடப்பக்கமாக, விறைத்துக்கொண்டு போயிற்று. கண்ணும் மூடிக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வலது திருப்பத்திலும் இப்படித்தான் செய்துகொண்டு வந்திருக்கிறாள். மல்லாக்க விழுந்துவிடுவோம் என்ற பயம். “அசையாம உக்காரு” என்று அவர் முன்னாலிருந்து அதட்டுவார். பயமாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த வாரம் கூட்டிப்போகாமல் விட்டுவிடுவாரோ என்று வாயைத் திறந்ததே இல்லை.

“அம்சா” என்றாள் மெதுவாக. “ஹேண்டில்பார் என் கையிலதான் இருக்கு. ஆனா நான் இன்னும் பின்னாடியேதான் உக்காந்திருக்கேன்.”

புரிந்ததும் அம்சா வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அமிர்தமும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கூடமும் நேர், ஆட்டமும் தெரியும். உட்கார்ந்ததுதான் கோணல்.

“கண்ணத் தொற யக்கா, அவ்ளோதான்” என்றாள் அம்சா. “நீ இப்ப முன்னாடி கீற. சாஞ்சா முதுகு போவாது, தோளுதான் போவும். எங்க போவணுமோ அங்க பாரு.”

பார்த்தாள். தினமும் பார்த்தாள். மார்கழி நடுவில் ஒரு விடிகாலை, கோலமாவு ஒரு பொடி கலையாமல் எட்டு முழுசாக வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் செங்கல்பட்டில் அதே பிரேக் இன்ஸ்பெக்டர் அவள் ஓட்டி முடித்ததும், “எங்கம்மா கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார். “சந்தையில சார்” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. வண்டியை வாசல் படியோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். சம்பத்தை ஜெயந்த் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். அவர் வண்டியைப் பார்த்தார், சுடிதாரில் இருந்த மனைவியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து நின்றுவிட்டார்கள். தலையை வேண்டாம் என்று ஆட்டினார்.

“ஒரே ஒரு தடவைங்க” என்றாள் அமிர்தம். “அதுக்கப்புறம் பரணி எடுத்துட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

என்ன நினைத்தாரோ, படியில் நின்று காலைத் தூக்கப் பார்த்தார். வலது கால் எழும்பவில்லை. ஜெயந்த் பிடித்துத் தூக்கினான். பாதி சீட்டுக்கு மேல் வராமல் தொங்கியது. சம்பத்தின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் எட்டு எட்டு என்று அலைந்தவள், பின்னால் உட்காருகிறவர் காலைத் தாண்டிப் போடவேண்டுமே என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தாளா? அழகுதான். கல்யாணத்துக்கு எல்லாம் வாங்கி, தாலியை மறந்த கதை.

“சரிங்க. விடுங்க. உள்ளே போயிடலாம்” என்றாள்.

சம்பத் ஜெயந்தின் கையைத் தள்ளினார். படியின் விளிம்பில் மெல்லத் திரும்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின்மேல் அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்தார். இரண்டு காலும் இடப்பக்கம். அவளுக்கென்று அவரே ஒரு காலத்தில் மாட்டிய அந்தப் பலகையில் இடது காலை ஊன்றி, வலது காலை அதன் பக்கத்தில் கையால் எடுத்து வைத்துக்கொண்டார். இடது கை பின்னால் கம்பியைப் பிடித்தது.

எதிர்வீட்டில் யாரோ களுக்கென்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அமிர்தம் அவருடைய விழுந்த வலது கையை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டு, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினாள். தெரு பார்க்கட்டும்.

“அசையாம உக்காருங்க” என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டாள்.

மலை தாண்டியது. வயல் தாண்டியது. காற்று முகத்தில் அடித்தது. பின்னாலிருந்து ஒரு சத்தம் இல்லை. அமிர்தம் காத்திருந்தாள். முன்னால் உட்கார்ந்தால் ரோடு இவ்வளவு நீளமாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் இருப்பவர் முகம் எப்படி இருக்கிறது, அழுகிறாரா, கண்ணை மூடிக்கொண்டாரா என்று பார்க்க முடியாது என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது. பாவம், அவரும் இத்தனை வருஷம் இப்படித்தானே ஒன்றும் தெரியாமல் ஓட்டியிருக்கிறார்.

மாமல்லபுரம் வந்ததும் அவள் வழக்கம்போல் நெம்மேலிப் பக்கம் இடப்புறம் திரும்பவில்லை. அப்படிப் போனால் கடல் அவர் முதுகுக்குப் போய்விடும். புதிதாக அகலப்படுத்தியிருந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில், வலப்புறம், சதுரங்கப்பட்டினத்தைப் பார்த்துத் திரும்பினாள். வண்டி சாய்ந்தது.

பின்னாலிருந்து ஓர் இழுப்பு. ஹேண்டில்பார் லேசாக வெட்டியது. அந்த இழுப்பை அவளுக்குத் தெரியாதா? இடுப்பில் கட்டியிருந்த செத்த கைகூட விறைத்த மாதிரி இருந்தது.

“மல்லாக்க விழற மாதிரி இருக்கும். விழ மாட்டீங்க” என்றாள். “நான் இருக்கேன்.”

வண்டி நேரானது. கொஞ்ச தூரம் போனபிறகு, குழறிக் குழறி, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு குரல் வந்தது.

“இத்... இத்தினி வருஷமும்... இப்படியா... பயந்துகிட்டு வந்தே?”

அமிர்தம் வேகத்தைக் குறைத்தாள். “ஆமாங்க.”

“சொல்லவே... இல்ல.”

“சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டீங்களோன்னு.”

முதுகில் ஏதோ பட்டது. அவர் தலை. சவுக்குத் தோப்பு முடிந்து வெட்டவெளி வந்தது. உப்புக்காற்று இடப்பக்கமிருந்து வீசியது. அமிர்தம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கடல் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

முதுகிலிருந்து அவர் தலை நிமிர்ந்தது.

“இருக்கு” என்றார்.

அமிர்தம் வாய்விட்டுச் சிரித்தாள். “அது தெரியும். எப்படி இருக்கு?”

“பச்... பச்சையா. ஓரத்துல வெள்ளை. ஒரு போட்டு... வருது. ரெண்டு. பின்னாடி... இன்னொண்ணு. அமிர்தம், பரணிகிட்ட... வண்டி இல்லேன்னு சொல்லு. அந்தப் போட்டுல... ஒருத்தன் நின்னுகிட்டே...”

பேசினார். நாக்கு தடுக்கி, எச்சில் வழிந்து, பாதி வார்த்தை காற்றில் போய், பேசிக்கொண்டே வந்தார். அவளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. கல்பாக்கம் சீக்கிரம் வந்துவிடப் போகிறதே என்று, செகண்ட் கியரை மாற்றாமல், பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் முன்னால் போகவிட்டு, ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனாள்.